கோல்ப் ஆட்டமும் குளிர் மேலங்கியும்

காளவாசல் என்னும் சொற்குச் செங்கலும் சுண்ணாம்பும் சுடும் சூளை என்பது பொருள். மதுரையின் மேற்றிசையில் அப்பெயரைத் தாங்கி நிற்கும் நாற்சந்தியில், சித்திரைத் திங்களின் நண்பகற்போதில் ஒருமுறை நின்றவர் எவரும் பெயரின் பொருத்தத்தை ஐயுறார். சூளைகள் மறைந்தொழிந்தும் அவற்றின் வெம்மை அவ்விடத்தை விட்டு நீங்கியதாகத் தோன்றவில்லை. மார்கழி விடியலிலும் ஒரு துண்டினைக் காதுமறையச் சுற்றிக் கொள்வதே நம்மூரார்க்குப் போதிய குளிர்காப்பாகும். இத்தகைய இடத்திலிருந்து ஒருவன் குளிர்க்குரிய மேலங்கியைப்பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும் காளவாசலுக்கு அண்மையிலுள்ள ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் காலையில் வண்டியேறுவோர், நண்பகலுக்குள் மேமாதத்திலும் கம்பளிச் சட்டை விற்பனையாகும் ஊரொன்றை அடைந்து விடுகின்றனர். ஆண்டுதோறும் நம் மாணவர் பலர் அங்ஙனம் சென்று, பற்கிட்டி நடுங்கித் திரும்புகின்றனர். ஆதலின் இப்பொருள் நமக்கு முற்றும் அயலதன்று.

கொடைக்கானல் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 2,130 மீட்டர், அஃதாவது 7,000 அடி உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும் என்பது வானிலை நூலார் கணக்கு. மதுரைக்கும் அம்மலையூர்க்கும் இடைப்பட்ட உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டராகலின், இங்கு நாம் விட்டுச்செல்லும் வெப்பத்தில் 13 பாகையை மலைப்பாதையிலேயே இழந்து விடுகின்றோம். தை மாதத்துத் தெளிந்த இரவுகளிலோ அவ்வளவில் நில்லாது, பள்ளமான புல்வெளிகளில் உறைபனியும் படிவதுண்டு. இக்குளிரையே மருந்தாக நாடிச் சென்றோர் அமெரிக்க மிஷனெரிமார். 1834-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பணி தொடங்கிய அவர்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் பேதிக்கும் தம்மவர் பலரைப் பறிகொடுத்தபின், 1845-இல் பழனிமலையின் உச்சியில் இரண்டு வீடுகளைக் கட்டினர். சன்னிசைடு, ஷெல்டன் என்பன அவற்றின் பெயர்கள். நம்போன்ற கல்லூரிகட்கு வித்திட்ட கூட்டத்தார் குளிரைத் தேடி நடந்தும், குதிரையேறியும், டோலியில் தூக்கப்பெற்றும் சென்றனர் என்பது நினைவிற்குரியது. அவர்கட்குப் பின்னர் ஆங்கில அதிகாரிகளும் வணிகரும் குடியேற, 1895-இல் கொடைக்கானல் கோல்ப் கழகம் தோன்றிற்று. தூண்பாறைக்குச் செல்லும் வழியிலுள்ள அதன் புல்வெளியில் இன்றும் ஆட்டம் நிகழ்கின்றது. காட்டுமாடுகளும் அவ்வப்போது வந்து மேய்கின்றன. நீலகிரியில் உதகையிலும் வெலிங்டனிலும் இத்தகைய வெளிகள் உள. கோல்ப் நம்நாட்டுக்கு நேற்று வந்ததுமன்று. கல்கத்தாவின் கழகம் 1829-இல் தோன்றியது, பிரிட்டிஷ் தீவுகட்கு வெளியே அதனினும் பழைய கழகம் வேறில்லை என்பர்.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டு ஒருசொல். சிறிய வெண்பந்தினைக் கோல்களால் அடித்து, பரந்த புல்வெளியில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த 18 குழிகளில் இயன்ற அளவு குறைந்த அடிகளில் இட்டு முடித்தலே கோல்ப் ஆகும். ஆடுவோன் நான்கு மணிநேரத்தில் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து முடிக்கிறான். அந்நடையில் அவன் உடல், சும்மா அமர்ந்திருக்கும்போது தோற்றுவிக்கும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கினைத் தோற்றுவிக்கும். அடுத்த கணம் பந்தின் அருகே நின்று, முன்னுள்ளார் விலகும்வரை பத்து நிமிடம் அசையாது காத்திருத்தல் வேண்டும். பின்னர்த் தோள், இடுப்பு, மணிக்கட்டு யாவும் ஒருங்கே முறுக்கிப் பிரியுமாறு ஒருவீச்சு. அஃது ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும். இவ்வாறு நடத்தல், நிற்றல், வீசுதல் என மூன்று நிலைகள் மாறிமாறி வருதலே இவ்வாட்டத்துக்கான மேலங்கியைப் பிற மேலங்கிகளினின்றும் வேறுபடுத்துவது. மலையேறுவோன் இடையறாது ஏறுகிறான். காவற்காரன் இடையறாது நிற்கிறான். அவ்விருவர்க்கும் ஆடை தைத்தல் எளிது. கோல்ப் ஆடுவோனோ வியர்க்கவும் வேண்டும், விறைக்கவும் வேண்டும், அவற்றின் நடுவே கையைத் தலைக்குமேல் தடையின்றி உயர்த்தவும் வேண்டும்.

இனி, மேலங்கி செய்வது யாது எனக் காண்போம். அங்கி வெப்பந்தரும் என்று நாம் நாளும் பேசுகின்றோம். அது வழக்கேயன்றி உண்மையன்று. கொடியிற் கிடக்கும் கம்பளி தானாகச் சூடேறுவதில்லை. பனிக்கட்டியைக் கம்பளியிற் சுற்றிவைப்பின் அஃது உருகாமலே நெடுநேரம் இருக்கும். வெப்பம் உடலினது. அமர்ந்திருக்கும் மனிதன் ஏறத்தாழ 100 வாட் ஆற்றலுள்ள பழைய மின்விளக்கொன்றுக்கு ஒப்பான வெப்பத்தை ஓயாது வெளிவிட்டுக் கொண்டிருக்கிறான். அது தொடுதலால் கடந்தும், காற்றால் அள்ளப்பெற்றும், கதிராய்ப் பரந்தும், வியர்வை ஆவியாகும்போது அதனுடன் கலந்தும் நீங்கும். அங்ஙனம் நீங்குதலைத் தாமதப்படுத்துவது மட்டுமே ஆடையின் தொழில்.

தாமதப்படுத்துவதும் நூலன்று, இழையன்று. இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றேயாகும். அசையாத காற்றைப்போல் வெப்பத்தைக் கடத்த மறுக்கும் பொருள் நம் கைக்கெட்டுவனவற்றுள் மிகச் சிலவே. அசைந்து ஓடும் காற்றோ அதற்கு நேர்மாறாக வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஆகவே காற்றைப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் எதுவும் குளிர்காப்பாம். ஆடை நனைந்தபோது காற்றிருந்த இடமெல்லாம் நீர் புகுந்து விடுகின்றது. நீரோ அசையாக் காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்தவல்லது. நனைந்த தடித்த சட்டையினும் உலர்ந்த மெல்லிய சட்டை மேலானது என்பதன் காரணம் இதுவே. இறுக்கமாக அணிதலும் ஏறக்குறைய அதே கேட்டினைத் தரும். கடைத்தெருவில் உடம்போடு ஒட்டிய கம்பளிச் சட்டையை வாங்கி அணிந்து, அது கனமாயிருந்தும் குளிர்கின்றதே என்று வியப்போர் காற்றிருக்க இடம் விடவில்லை.

இவ்விடத்தில் தமிழ் பயில்வோர்க்குப் பேகன் நினைவு வாராதிராது. ஆவியர் பெருமகனாகிய அவ்வள்ளல் ஆண்டது இதே பழனிமலை நாடு. கானமயில் ஒன்று குளிரால் நடுங்கிற்றென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்று சிறுபாணாற்றுப்படை அவனைப் போற்றுகின்றது. புறநானூற்றுப் புலவரும் போற்றுவர். வெப்பநூல் கற்றவன் நோக்கில் அப்போர்வை மயிலுக்குச் சிறிதும் வேண்டுவதன்று. பறவையின் உடல்வெப்பம் ஏறத்தாழ 40 பாகை. குளிருங்காலத்து அது தன் இறகுகளைச் சிலிர்த்துப் பருக்கச் செய்யும். அச்சிலிர்ப்பில் இறகிடையே காற்று மிகுதியாகத் தங்கும். மனிதன் பொன்கொடுத்து வாங்கும் மேலங்கியை மயில் பிறவியிலேயே உடுத்து வந்துள்ளது. ஆயினும் வேண்டுமா வேண்டாமா என்று ஆராயாது கொடுத்தமைக்கன்றோ புலவர் பாடினர்! அறிவியல் அவன் கொடையைக் குறைத்துவிட்டதாக யான் கருதவில்லை.

பறவையின் மேலிறகுக்கு அடியில் நடுத்தண்டு இல்லாத மென்மயிர்க் கற்றையொன்று உண்டு. அதனைத் தமிழர் தூவி என வழங்கினர். வாத்து, அன்னம் இவற்றின் தூவியே இன்றளவும் எடைக்கு எடை ஒப்பிடின் குளிர்காப்புப் பொருள்களுள் தலையாயது. அதன் தரத்தை அளக்கும் முறையும் இனியது: ஓர் அவுன்சு, அஃதாவது 28 கிராம் தூவியை ஒரு குழாயிலிட்டு அஃது எத்துணைக் கனஅங்குலம் பருக்கின்றது எனக் காண்பர். நல்ல தூவி 600 முதல் 900 வரை காட்டும். 800 காட்டும் தூவியாயின், ஒரு கைப்பிடியாக அடங்கும் அச்சிறு எடை 13 லிட்டர் இடத்தை நிரப்பும். நம் தெருக்குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்களுள் ஒன்றன் கொள்ளளவுக்குச் சற்றே குறைவு. அவ்விடம் முழுவதும் காற்றே.

நெடுநல்வாடையைப் பாடங்கேட்டவர்கள் தூவியை அதனுள் கண்டிருப்பர். அரசியின் கட்டிலில் அன்னத்தூவி பரப்பப்பட்டுள்ளது. அதே பாட்டின் தொடக்கத்திலோ, மழைக்கு ஒதுங்கிய கோவலர் உடம்பெல்லாம் குளிர்வருத்த, கையிற் கொள்ளியை ஏந்திக் கன்னம் நடுங்க நிற்கின்றனர். ஒரே வாடைக்காற்று; ஓரிடத்தில் தூவி, ஓரிடத்தில் கொள்ளி. நக்கீரர் அவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அருகருகே வைத்ததோடு நின்றார். இதனைப் பின்னர் ஒருமுறை நினைவுகூரும் தேவை நேரும்.

படுக்கையிலிருந்த தூவி சட்டைக்குள் புகுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1922-இல் எவரெஸ்டு மலையேறச் சென்ற ஆங்கிலக் குழுவினருள் ஜார்ஜ் பிஞ்சு என்பார் பலூன் துணியாலாகிய உறைக்குள் ஈடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த அங்கியொன்றை அணிந்து சென்றார். கம்பளியும் கனத்த துணியும் அணிந்திருந்த பிறர் முதலில் நகைத்தனர். உயரம் ஏறஏற நகைப்பு அடங்கிற்று. அமெரிக்காவில் எட்டி பவர் என்னும் விளையாட்டுப்பொருள் வணிகர், மாரிக்காலத்து மீன்பிடிக்கச் சென்று விறைத்து உயிர்நீங்கும் நிலையை எய்திய பின்னர், 1936-இல் தூவியடைத்த மேற்சட்டையை விற்பனைக்குக் கொணர்ந்து 1940-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தூவி ஓரிடத்தில் திரண்டு விடாதபடி சிறுசிறு அறைகளாகத் தைத்தலே அதன் நுட்பம். இன்று கடைகளில் காணப்படும் உருளை உருளையாகப் புடைத்த சட்டைகளெல்லாம் அதன் வழிவந்தன. ஆயின் அவ்வறைகளின் தையற்கோட்டில் தடிப்பின்மையால் அவ்வழியே குளிர் நுழையும். அன்றியும் தூவி நனைந்தால் கஞ்சியிலிட்ட பஞ்சுபோல் ஒடுங்கிப் பயனற்றுப் போகும். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் மூடுபனியும் தூறலுமாக இருக்கும் கொடைக்கானலுக்குத் தூவியங்கி ஏற்றதன்று என்பதே என் துணிபு. தை மாசி மாதத்து வறண்ட குளிருக்கு அது நன்று.

கோல்ப் ஆடுவோர் நெடுங்காலம் நம்பியிருந்தது ஆட்டுமயிரையே. ஸ்காத்லாந்தில் லீத் நகரத்தார் 1744-இல் முதன்முதலாக 13 விதிகளை எழுதிவைத்த காலத்தும், அதன் பின்னரும், கம்பளி மேற்சட்டையே ஆட்டத்தின் உடை. வழிச்செல்வோர் விலகுமாறு சில கழகத்தார் அதனைச் செந்நிறமாக்கி அணிந்தனர். 1922-இல் வேல்ஸ் இளவரசர் செயின்ட் ஆண்ட்ரூஸ் வெளியில் ஃபேர் தீவினரின் பலநிறப் பின்னற்சட்டையோடு தோன்ற, அவ்வேழைத் தீவின் கைப்பின்னல் நாடெங்கும் பரவிற்று. கம்பளியின் சிறப்பு அதன் சுருளில் உள்ளது. சுருண்ட மயிர்கள் ஒன்றோடொன்று படியாமல் விலகி நின்று காற்றுக்கு இடமளிக்கும். அதனினும் வியப்பு, தன் எடையில் மூன்றிலொரு பங்களவு ஈரத்தை இழையினுள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமெனத் தோன்றாதிருத்தல். பருத்தி அவ்வாறன்று. நனைந்த பருத்திப் பனியன் தோலோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் உலராது. சமவெளியில் அதுவே நமக்கு இன்பம். வியர்வை உலருந்தோறும் உடல் குளிர்கின்றது. மலையில் அவ்வின்பமே பகையாகின்றது. பருத்திப் பனியன்மேல் எத்துணைக் கம்பளி அணிந்தாலும் முதல் மேட்டினை ஏறி வியர்த்த பின்னர் நெஞ்சு சில்லிட்டுப் போதல் உறுதி.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி செயற்கை இழைகளைத் தந்தது. 1979-இல் அமெரிக்க ஆலையொன்று பாலியெஸ்டர் துணியின் மேற்புறத்தை மயிர்போல் கிளப்பி ஆட்டுத்தோலை ஒத்த மென்துணியை ஆக்கிற்று. பிளீஸ் என்னும் பெயரோடு அஃது இன்று நம்மூர்த் தெருவோரக் கடைகளிலும் கிடைக்கின்றது. பயன்படுத்தி எறிந்த குளிர்பானப் புட்டிகளை உருக்கியும் அதனை நெய்கின்றனர். 1980-களில் அமெரிக்கப் படையினர்க்கென, நனைந்தாலும் ஒடுங்காத தூவிக்கு மாற்றாக, மிக நுண்ணிய பாலியெஸ்டர் இழைகளாலாகிய அடைபொருள் ஆராய்ந்து காணப்பட்டது. கோல்ப் மேலங்கிகளுட் பெரும்பாலன இன்று இவ்விழையாலேயே நிரப்பப்படுகின்றன. தூவியினும் எடை சற்று மிகுதி, விலை குறைவு, மழைக்கு அஞ்சுவதில்லை.

இவற்றையெல்லாம் படிக்குந்தோறும் நம்மூர்ப் பொருளொன்று கேட்பாரற்றுக் கிடத்தலை நினையாதிருக்க முடியவில்லை. மலையடிவாரத்துப் போடிநாயக்கனூர் இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்றது. இலவின் இழை உள்ளே துளையுடையது. அத்துளை முழுவதும் காற்று நிறைந்தது. அதன்மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டாகலின் நீர் எளிதில் ஒட்டாது. அதுபற்றியே முன்னர் மாலுமிகளின் மிதவைச் சட்டைகளில் அதனை அடைத்தனர். மெத்தையிலும் தலையணையிலும் நாம் அதனை நாளும் அழுத்திக் கிடக்கின்றோம். இழை வழுக்குவதாலும் எளிதில் ஒடிவதாலும் தனியே நூற்கவும் சட்டையிலடைக்கவும் இடர்ப்படும் என்பது மெய்யே. அண்மைக்காலத்தில் மேனாட்டார் சிலர் பாலியெஸ்டரோடு கலந்து அதனை மேலங்கிகளில் இடத்தொடங்கியுள்ளனர். நாம் மூட்டையாக அனுப்பியது சட்டையாகத் திரும்பி வரும்போது விலைச்சீட்டைக் கண்டு மலைக்கப் போகின்றோம்.

காற்றைச் சிறைப்படுத்தியது போதாது. வெளிக்காற்று அதனை விடுவிக்காமலும் காத்தல் வேண்டும். 10 பாகைக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த முகத்துக்கு அது 6 அல்லது 7 பாகைபோலத் தோன்றும் என்பது வானிலையார் வாய்பாடு. பின்னற்சட்டையின் துளைகள் வழியே அக்காற்றுப் புகுந்து உள்ளிருக்கும் வெம்மையைத் துடைத்துச் செல்லும். இதற்கு முதல் விடை கண்டவருள் ஒருவர் இங்கிலாந்தின் தாமஸ் பர்பரி. நூலை நெய்வதற்கு முன்னரே நீரொட்டாவகை செய்து, மிக நெருக்கமாக நெய்த கேபர்டீன் என்னும் துணியை அவர் 1879-இல் கண்டார். 1888-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு மழைக்கோட்டு என்றால் ரப்பர் பூசியதே. அது மழையை வெளியே நிறுத்தி வியர்வையை உள்ளே நிறுத்தும். நடப்போனுக்கு இரண்டும் ஒன்றே. 1969-இல் பாப் கோர் என்பார் டெப்லான் என்னும் பொருளைச் சட்டென இழுத்து, கண்ணுக்குப் புலப்படாத் துளைகள் செறிந்த மென்படலமாக்கினார். நீர்த்துளி அத்துளைகளில் நுழையாது. வியர்வையின் ஆவி வெளியேறும். இன்றைய விலையுயர்ந்த மழையங்கிகளின் உயிர்நிலை அப்படலமே. ஆனால் அத்துணி கசங்கும்போது சலசலக்கும் குணமுடையது. பந்தை அடிக்கக் கோலோங்கும்போது காதருகே எழும் அச்சலசலப்பைக் கோல்ப் ஆடுவோர் வெறுக்கின்றனர். ஆதலின் அவர்க்கெனத் தைப்போர் ஓசைபடாத மென்துணியை மேலுறையாக இடுகின்றனர். இச்சிறு தொல்லைக்காக ஆலைகள் செய்த ஆராய்ச்சி வியக்கத்தக்கது.

அடுத்துத் தையல். தோளின்மேல் மடிப்பில்லாது இறுக்கித் தைத்த சட்டையை அணிந்து கோலோங்கினால், முதுகு பிடித்திழுக்கும். சட்டையின் அடிப்பகுதி இடுப்புக்குமேல் ஏறி வயிறு குளிரும். முற்காலத்தார் முதுகில் பெரிய மடிப்புகள் வைத்துத் தைத்த நார்போக் சட்டையை இதற்கென அணிந்தனர். தோளில் மூட்டுத் தையலின்றிக் கழுத்துவரை நீளும் கைக்கு ராக்லான் கை என்பது பெயர். வாட்டர்லூப் போரில் வலக்கையை இழந்த ராக்லான் பிரபுவின் பெயரால் அமைந்தது என்பர். ஒருகையன் பெயர்தாங்கிய தையல் இருகையும் வீசுவோர்க்கு உதவுதல் விந்தையே. இக்காலத்து மேலங்கிகளில் மார்பிலும் முதுகிலும் மட்டும் அடைபொருளை வைத்து, அக்குளிலும் விலாவிலும் கையிலும் இழுத்தால் நீளும் பின்னல்துணியை இணைக்கின்றனர்.

கையே இல்லாத மேலங்கியும் உண்டு. எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது அதுவே. கையில்லாச் சட்டை விரற்குளிருக்கு யாங்ஙனம் உதவும் என வினவலாம். உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கின், இதயம் நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளைக் காக்கும்பொருட்டு உடல் தன் கைகால்களின் இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகின்றது. விரலுக்குச் செல்லும் சூடான இரத்தம் குறைகின்றது, விரல் மரக்கின்றது, கோலின் பிடி தளர்கின்றது. மார்பு வெதுவெதுப்பாக இருப்பின் உடல் அச்சிக்கனத்தை மேற்கொள்வதில்லை. விரலின் நோய்க்கு மருந்து மார்பிற் கட்டப்படுகின்றது. தலையையும் கழுத்தையும் மூடுதலும் இவ்வாறே.

ஆடைகளின் காப்பினை அளப்பதற்கும் ஓரளவுகோல் உண்டு. 1941-இல் அறிஞர் மூவர் அதனை வகுத்துக் க்ளோ எனப் பெயரிட்டனர். 21 பாகை வெப்பமுள்ள, காற்றோட்டம் மிகக்குறைந்த அறையில் அமர்ந்திருப்பவன் இனிதாக உணர்தற்குப் போதிய ஆடை ஒரு க்ளோ. ஏறத்தாழ ஒருவன் அணியும் கம்பளிக் கோட்டு, காற்சட்டை, உள்ளுடை யாவும் சேர்ந்த அளவு. ஒருவனுக்கு இத்துணைக் க்ளோ வேண்டும் என்று சொல்வது மட்டும் எளிதன்று. நடப்பவனுக்கு மிகையாவது நிற்பவனுக்குக் குறையாகும். ஆதலின் ஒரு தடித்த அங்கிக்கு மாறாக மூன்று மெல்லியவை என்பது பட்டறிவுடையோர் முறை: தோலின்மேல் வியர்வையை உறிஞ்சி வெளித்தள்ளும் மெல்லிய உள்ளுடை, நடுவே காற்றைத் தாங்கும் கம்பளியோ பிளீஸோ, மேலே காற்றையும் தூறலையும் தடுப்பது. மேடேறுமுன் மேலுடையைக் கழற்றி, நிற்கும்போது அணிதல் வேண்டும். வியர்த்தபின் கழற்றுதலாற் பயன் சிறிது. உடைகளுக்கு இடையே சிறைப்படும் காற்றும் கணக்கிற் சேர்வதால் இரண்டு மெல்லியவை ஒரு தடித்ததனை வெல்லும்.

பந்துக்கும் குளிருண்டு. குளிர்ந்த பந்து துள்ளும் ஆற்றலிற் குறையும். ஆயினும் 7,000 அடி உயரத்துக் காற்று கடற்கரைக் காற்றினும் ஐந்திலொரு பங்கு மெலிந்ததாகலின் பந்து தடையின்றி நெடுந்தொலைவு பறந்து, அக்குறையை ஈடுசெய்து விடுகின்றது. கையை வெதுப்பிக்கொள்ளத் தடையில்லை. பந்தின் இயல்பை மாற்றும் கருத்தோடு அதனை வெதுப்பி அடித்தல் ஆகாது என 2019-இல் திருத்தி எழுதப்பெற்ற விதிகளின் நான்காம் விதி கூறும். பந்தினைப்பற்றி இத்துணை நுணுகி ஆராய்ந்த விதியாளர், உடன் நடப்பவனுடைய உடையைப்பற்றி வாய்திறவாமை இயல்பே. அஃது அவர் தொழிலன்று.

உடன் நடப்பவன் என்றது கோற்பையைச் சுமந்து வருவோனை. அவனைக் கேடி என்பர். மதுரைத் தெருக்களில் அச்சொல்லுக்கு வேறுபொருள் உண்டாகலின் முதன்முறை கேட்போர் திடுக்கிடுவர். ஆடுவோன் நடக்குந்தொலைவு யாவும் அவன் சுமையோடு நடக்கிறான். ஆதலின் மிகுதியாக வியர்க்கிறான். ஆடுவோன் நிற்கும்போது அவனும் நிற்கிறான். கோலோங்கி உடலைச் சூடேற்றிக் கொள்ளும் வாய்ப்பு மட்டும் அவனுக்கில்லை. மேற்சொன்ன கணக்கின்படி, அப்புல்வெளியில் நல்ல மேலங்கி யார்க்கு மிகவும் வேண்டுமெனின் அவனுக்கே வேண்டும். மலையூர்களில் சுமைதூக்குவோரும் வழிகாட்டுவோரும் பெரும்பாலும் பருத்திச் சட்டைமேல் ஒரு பழைய பின்னற்சட்டையும், மழையாயின் சாக்கினாலோ பிளாஸ்டிக் தாளினாலோ ஆகிய கொங்காணியும் கொண்டு காலங்கழிப்பதைச் சுற்றுலாச் சென்ற எவரும் கண்டிருப்பர். நெடுநல்வாடையின் கோவலர் இன்னும் கொள்ளியோடுதான் நிற்கின்றனர். அயலான் மேலாடையை அடகாகக் கொண்டவன் பொழுதுபோகுமுன் திருப்பித்தர வேண்டும் என்று யாத்திராகமம் கட்டளையிடுகின்றது. அவன் உடம்பை மூடுவதற்கு இருப்பது அஃதொன்றே என்று காரணமும் கூறுகின்றது. பவுலடிகள் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலும், துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும், மாரிகாலத்துக்குமுன் வந்துசேரும்படியும் வேண்டுகின்றார். ஆழ்ந்த வேதப்பொருள்களுக்கிடையே ஓர் அங்கியும் இடம்பெற்றுள்ளது.

குளிர்காப்பின் உண்மை பொருளின் விலையில் இல்லை என்பது இங்குப் பயன்தருகின்றது. உள்ளே பருத்தியை நீக்கி மலிவான பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டையை அணிதல், அதன்மேல் தளர்ந்த பழைய கம்பளி, மேலே காற்றுப்புகாத மெல்லிய மழைச்சட்டை, காதை மூடும் தொப்பி, நனைந்தால் மாற்ற ஒரு பனியன் ஆகியவற்றால் சில நூறு ரூபாயில் பல ஆயிரம் ரூபாய் மேலங்கியின் பயனில் பெரும்பகுதியை அடையலாம். பேருந்தில் ஏறும் நம் மாணவர்க்கும் இதுவே போதும். கைவிட்ட பழைய கம்பளிச் சட்டைகள் மதுரை வீட்டுப் பெட்டிகளில் எத்துணையோ உறங்குகின்றன. அவற்றைச் சுற்றுலா செல்வோர் மலைக்கு எடுத்துச்சென்று விட்டுவரின் பையும் கனங்குறையும்.

பெட்டியில் வைத்தே தீர்வது என்பார்க்குச் சில சொல். கம்பளியை அழுக்கோடு மடித்துவைத்தால் அந்துப்பூச்சிக்கு விருந்தாகும். துவைத்து, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்தி, வேப்பிலையோ அந்துருண்டையோ இட்டு வைத்தல் வேண்டும். கொடியில் தொங்கவிட்டு உலர்த்தினால் நீரின் எடையால் நீண்டு உருமாறும். தூவியங்கியையும் இழையங்கியையும் இறுக்கி உருட்டிப் பெட்டியின் அடியில் ஆண்டுமுழுதும் அழுத்தி வைப்பின், பருக்கும் ஆற்றல் குன்றிவிடும். தளர்ந்த துணிப்பையிலிட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தல் நன்று. மழையங்கியை வெயிலில் நெடுநாள் போடலாகாது. காளவாசலின் வெயிலிலோ ஒருநாளும் ஆகாது.